எல்.எல்.ஆர். கேட்கும் இளைஞனுக்குச் சர்க்கார் கொடுப்பது என்ன?

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை மாதங்களில் எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்குப் போனாலும் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். மீசை அரும்பிய பையன்களும், பையைத் தோளில் மாட்டிய பெண்களும் ஆதார் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 18 வயது நிறைந்துவிட்டது, எல்.எல்.ஆர். வேண்டும். காரில் வந்து இறங்கும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் விவசாயத் தொழிலாளியின் மகன், விசைத்தறிக்காரர் மகள், கட்டிடத் தொழிலாளியின் பேரன். காலேஜுக்குப் போக வழியில்லாதவன் சரக்கு ஆட்டோ ஓட்டலாம் என்று வருகிறான். பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வீடு திரும்ப பஸ் கிடைக்காதவள் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று வருகிறாள்.

மேல்தட்டுக்காரர்கள் லைசென்சை ஒரு சௌகரியமாக நினைக்கிறார்கள். பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு அது சௌகரியம் அல்ல, தொழில் கருவி. தச்சனுக்கு உளி எப்படியோ அப்படி. பல வீடுகளில், சர்க்கார் முத்திரையுடன் "உனக்கு இந்த வேலை தெரியும்" என்று சொல்லும் முதல் காகிதமே அதுதான். ஆகவே அதை எப்படிக் கொடுக்கிறார்கள், யார் கற்றுக்கொடுக்கிறார்கள், தவறினால் யாரைத் தண்டிக்கிறார்கள் என்பதெல்லாம் தொழிலாளி வர்க்கத்தின் பிரச்னை. நம் பத்திரிகை இதைப் பற்றிப் பேசுவது எவருக்காவது விசித்திரமாகப் படலாம். படட்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுவதற்கு 20 வயது. அதற்கும் எல்.எல்.ஆர். வாங்க வேண்டுமானால், இலகுரக வாகன லைசென்ஸ் ஒரு வருஷமாவது கையில் இருந்திருக்க வேண்டும். 16 வயதுக்காரருக்கும் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது: 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத மோட்டார் சைக்கிள். அதற்குப் பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும்.

அந்தக் கதவு எங்கே திறக்கிறது தெரியுமா? சுவரை நோக்கி! 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டி வந்தபோது தமிழ்நாட்டுப் பால்காரருக்கும் காய்கறி வியாபாரிக்கும் மேஸ்திரிக்கும் அது தோழனாயிற்று. அந்தக் காலத்தில் 50 சி.சி. என்ற வரம்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்று அதே குடும்பத்து வண்டியின் என்ஜின் ஏறத்தாழ 100 சி.சி.; ஸ்கூட்டர்களோ 110, 125 சி.சி. கம்பெனிக்காரர்கள் 50 சி.சி. வண்டி செய்வதை எப்போதோ விட்டுவிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் மட்டும் அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 16 வயதுப் பையனிடம் "உனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் அதற்கேற்ற வண்டி இல்லை" என்று சொல்லும் வினோதமான சட்டம்! இன்னொரு பக்கம், 250 வாட்டுக்கு மேற்படாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் பாட்டரி வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்சும் வேண்டாம், வயதும் வேண்டாம், ரோட்டு விதி தெரிந்திருக்கவும் வேண்டாம்.

நடைமுறை என்ன? கிராமத்துக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். தகப்பனார் வேலைக்குப் போயிருக்கிறார், பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது. 16 வயதுப் பையன் வண்டியை எடுக்கிறான். பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்; பையன் வண்டியை எடுக்கிறான். குடிதண்ணீர் குடத்தை மூன்று மைல் தூக்கிவர வேண்டும். பையன் வண்டியை எடுக்கிறான். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, போலீசாரும்தான். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

இந்த நிலைமைக்கு டில்லி சர்க்கார் கண்டுபிடித்த மருந்து என்ன? பஸ்ஸா? பயிற்சியா? இல்லை, சிறை! 2019-ல் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 வருஷம் வரை சிறை, ரூ.25,000 அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பெற்றோர் தலையில்தான். இவற்றோடு முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை எல்.எல்.ஆர். கிடையாது!

இந்தக் கடைசி ஷரத்தைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லையென்றால் என்ன நஷ்டம்? டிரைவர் வைத்துக்கொள்வான். மேல்படிப்புக்கு வெளிநாடு போவான். ஆனால் பத்தாவதோடு நின்ற லாரி கிளீனரின் மகனுக்கு? 18-லிருந்து 25 வரை ஏழு வருஷம் அவன் கையில் இருக்கும் ஒரே தொழிலை ஒரு காகிதத்தால் பறித்தாயிற்று. ரூ.25,000 என்பது விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு எத்தனை மாத உழைப்பு என்று சட்டம் செய்தவர்கள் கணக்குப் போட்டார்களா? ஒரே சட்டம், ஒரே தொகை. ஆனால் ஒருவன் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறான், இன்னொருவன் தாலியை அடகு வைக்கிறான். இதற்குப் பெயர்தான் சட்டத்தின் முன் சமத்துவமாம்.

பூனாவில் 2024 மே 19-ல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 17 வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவுக்குப் பின் போர்ஷே காரை ஓட்டிவந்து மோட்டார் சைக்கிளில் மோதினான். 24 வயதான இரண்டு இளம் என்ஜினீயர்கள் செத்தார்கள். தகப்பனார் பெரிய கட்டிட முதலாளி. அந்த விலையுயர்ந்த காருக்கு நிரந்தரப் பதிவுகூடச் செய்யப்பட்டிருக்கவில்லை. அன்றைக்கே பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை? சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை! நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்த பிறகே தகப்பனார் கைதானார். பையனின் ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் டாக்டர்களும் கைதானார்கள். சிறுவர்களைத் திருத்த வேண்டும், சிறையில் தள்ளக்கூடாது என்பதை நாமும் ஏற்கிறோம். அந்தக் கருணை பால் வண்டி ஓட்டும் பையனுக்கும் அன்றைக்கே கிடைக்குமா என்பதுதான் நம் கேள்வி.

இதனால், வயது வரம்பே வேண்டாம், 16 வயதில் எல்லோரும் ஓட்டட்டும் என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். சாலையில் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். சர்க்காரின் கணக்குப்படியே 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 64,105 விபத்துகள். எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 17,884 பேர் செத்தார்கள். இவர்கள் குளிர்சாதனக் காரில் போனவர்கள் அல்லர். ஷிப்டுக்குப் போனவர்களும், சந்தைக்குப் போனவர்களும், நடந்து போனவர்களும்தான். 100 சி.சி. வண்டியின் வேகத்தை 15 வயதுப் பையனின் கை தாங்கலாம், ஆனால் எதிரே வரும் லாரியின் தூரத்தை மதிப்பிடும் பக்குவம் அந்த வயதில் வராது. நம் கிளைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொண்டுவர ஒன்பதாவது படிக்கும் மகனை வண்டியில் அனுப்பும் தோழர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

சிறையைவிடவும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பலர் அறியார். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், செத்தவர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் நஷ்ட ஈட்டை வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து திருப்பி வசூலித்துக்கொள்ளக் கோர்ட்டுகள் அனுமதிக்கின்றன. லட்சக்கணக்கான ரூபாய்! இரண்டு சென்ட் நிலமும் ஓட்டு வீடும் உள்ளவரின் கதி என்ன?

சர்க்கார் தரப்பிலும் நல்ல காரியம் நடந்ததில்லையா என்று கேட்டால், நடந்தது உண்டு. எட்டாவது தேறாதவனுக்கு வாடகை வண்டி லைசென்ஸ் கிடையாது என்று இருந்த விதியை 2019-ல் எடுத்தார்கள். ஹரியானாவின் மேவாத் பகுதியில் பள்ளிக்கூடம் பாராத, டிரைவர் தொழிலையே நம்பிய மக்களின் நிலையைக் காட்டித்தான் அது எடுக்கப்பட்டது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச், இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனியாக அனுமதி வேண்டாம் என்று உறுதி செய்தது. சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் லட்சோப லட்சம் இளைஞர்களுக்கு அது பெரும் ஆறுதல்.

ஆனால் கற்றுக்கொடுப்பது யார்? இதுதான் முக்கியமான கேள்வி.

மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆர். தேர்வு எதைச் சோதிக்க வேண்டும் என்று படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சாலைச் சின்னங்கள், சிக்னல்கள், சாலை விதிகள். விபத்தில் ஆள் காயமுற்றால் டிரைவரின் கடமை என்ன. ஆள் இல்லாத ரயில்வே கேட்டை எப்படிக் கடப்பது. கையில் என்னென்ன தஸ்தாவேஜு இருக்க வேண்டும். நல்ல பாடத்திட்டம்தான். அடிபட்டுக் கிடப்பவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது டிரைவரின் சட்டக் கடமை என்பதை 18 வயதில் ஒருவன் கற்றால் எத்தனை உயிர் பிழைக்கும்! ஆனால் இந்தப் பாடத்தை நடத்தும் பள்ளிக்கூடம் எங்கே? தேர்வு இருக்கிறது, வகுப்பு இல்லை. நூற்றுக்கு 60 சரியாகச் சொன்னால் போதும். அந்த 60-ஐயும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தட்டிவிடுகிறார் என்றால் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

எல்.எல்.ஆர். வாங்கியபின் ஓட்டிப் பழகுவதற்கும் நல்ல விதிகள் இருக்கின்றன. வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், பக்கத்தில் உட்கார வேண்டும். மோட்டார் சைக்கிளில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றக்கூடாது. நம் ஊரில் எல்.எல்.ஆர். வாங்கிய மறுநாளே பையன் இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு பைபாஸ் ரோட்டுக்குப் போகிறான். இதற்குப் பொறுப்பு பையன் மட்டும்தானா? இந்த விதிகளை அவனுக்கு எவரும் சொல்லவில்லையே!

சொல்ல வேண்டிய இடத்தில் புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார். மத்திய விதிகளின்படி கட்டணம் அதிகமில்லை: ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். ரூ.150, தேர்வு ரூ.50, ஓட்டிக்காட்டும் தேர்வு ரூ.300, லைசென்ஸ் ரூ.200; ஆக ரூ.700. 2016 டிசம்பருக்கு முன் எல்.எல்.ஆர். கட்டணம் ரூ.30-தான், அதை ஐந்து மடங்காக்கியது மோடி சர்க்கார். ஆனாலும் ரூ.700-ல் லைசென்ஸ் வாங்கியவர் ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? டிரைவிங் ஸ்கூலுக்குப் பல ஆயிரம் கொடுத்து, "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற உறுதியை வாங்குகிறார்கள். காரில் பத்து நாள் உட்காருகிறான் பையன். பிரேக்கும் கிளட்ச்சும் கற்றுக்கொடுப்பவரின் காலில். கடைசி நாள் மைதானத்தில் எட்டுப் போடுகிறான். பிரேக் இன்ஸ்பெக்டர் தலையசைக்கிறார். (நம் பெரியவர்கள் இன்றும் மோட்டார் வாகன ஆய்வாளரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள்.) மழையில், இருட்டில், மாடு குறுக்கே வரும் ரோட்டில் அவன் ஓட்டியதே இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஒரு பழைய காரும் ஒரு சிறு அறையும் வைத்துப் பிழைக்கும் முன்னாள் டிரைவர்கள் அவர்களில் ஏராளம். குற்றம் அமைப்பில் இருக்கிறது.

இந்த அமைப்பைச் சீர்செய்ய 2021-ல் டில்லி கொண்டுவந்தது அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத் திட்டம். சிறு வண்டிப் பயிற்சிக்கு ஒரு ஏக்கர், கனரக வண்டிக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். கார் பயிற்சி 29 மணி நேரம்: 8 மணி வகுப்பு, 21 மணி ஓட்டுதல். மணிக் கணக்கு நல்லதுதான், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மையத்தில் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக்காட்டும் தேர்வு வேண்டாமாம்! பணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பவரே பரீட்சையும் வைத்து மார்க்கும் போடுவார். ஊருக்கு ஓரமாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் யார்? பழைய கார் வைத்திருக்கும் முன்னாள் டிரைவரா, பெருமுதலாளியா? 2015 ஏப்ரல் 30-ல் சாலைப் போக்குவரத்து மசோதாவை எதிர்த்து நாடு முழுவதும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லைசென்ஸ் வேலையைக்கூடத் தனியாரிடம் தள்ளிவிடுவார்கள் என்று எச்சரித்தோம். மிகைப்படுத்துகிறோம் என்றார்கள்.

மாற்று வழி கற்பனையில் மட்டும் இருப்பதல்ல. 1951-ல் அமைந்த தோசாஃப் என்ற அமைப்பின் மூலம் சோவியத் நாட்டில் இளைஞர்கள் மோட்டார் ஓட்டக் கற்றார்கள். 1970-களில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்திய தொழிற்பயிற்சி நிலையங்களில் மேல்வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் தொழில் கற்றார்கள்; டிரைவர் தொழில் அதில் ஒன்று. சோவியத் நாடு 1991-ல் இல்லாமற்போயிற்று. அது பழைய கதை என்பவர்கள் பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கட்டும். இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போது, 2022-ல் மோட்டார் வாகனத் துறை மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சாலை விதிப் பாடநூல் ஒன்றைத் தயாரித்துக் கல்வித் துறையிடம் கொடுத்தது. 2024 ஜூனில் சர்க்கார் பஸ் கார்ப்பரேஷனே டிரைவிங் ஸ்கூல் தொடங்கிற்று. கார் பயிற்சிக்கும் கனரக வண்டிக்கும் ரூ.9,000, இரு சக்கர வண்டிக்கு ரூ.3,500. வண்டி, டிரைவர், பணிமனை எல்லாம் ஏற்கெனவே சர்க்காரிடம் இருக்கின்றன. புதிதாக வேண்டியது மனம் மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்கு இவற்றில் எது இல்லை? 1972-ல் பஸ்களை நாட்டுடைமையாக்கிய மாநிலம் இது. எல்லா ஜில்லாக்களிலும் பணிமனைகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சர்க்காரின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. ராமநாதபுரத்துப் பையன் அதற்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போக முடியுமா? ஒவ்வொரு ஜில்லாவிலும் பணிமனையோடு சேர்த்து ஒரு பயிற்சிப் பள்ளி வை, அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, ஏழை இளைஞர்களுக்கும் கட்டணமின்றிக் கற்றுக்கொடு; பதினோராம் வகுப்பிலேயே சாலை விதியைப் பாடமாக்கு. கிராமத்துக்கு பஸ்ஸை விடு, 16 வயதுப் பையன் வண்டியை எடுக்க வேண்டிய அவசியமே பாதி குறையும். 25 வயது வரை எல்.எல்.ஆர். இல்லை என்ற ஷரத்தை எடு. நம் கோரிக்கைகள் இவைதான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, ரூ.25,000 வரை மானியம் என்று அண்ணா தி.மு.க. சர்க்கார் அறிவித்தபோது, எல்.எல்.ஆர். வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுகளில் பெண்கள் திரள் திரளாக நின்றார்கள். அந்தத் திட்டத்தின் அரசியல் விளம்பரம் ஒருபுறம் இருக்கட்டும். வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம் உழைக்கும் பெண்களிடம் எவ்வளவு அடக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதை அந்த வரிசை காட்டிற்று. வரதட்சணைக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் வீட்டில், மகளுக்கு எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுக்க யோசிக்கிறார்கள்!

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாலிபர் சங்கத் தோழர்களும் போக்குவரத்துச் சங்கத் தோழர்களும் சேர்ந்து இப்போதே ஒரு காரியம் தொடங்கலாம். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வளைவில் எங்கே வேகத்தைக் குறைப்பது, மழைக்காலத்தில் பிரேக்கை எப்படி மிதிப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை அழைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசில் வகுப்பு வையுங்கள். 17 வயதில் பையனையும் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 நிறைந்த அன்றே தேர்வுக்குத் தயாராக இருப்பார்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்புவதைப் படித்த இளைஞர்களே செய்து கொடுக்கலாம்; புரோக்கருக்கு வேலை இல்லை. எல்.எல்.ஆர். கையில் வந்தால் அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போகலாம். வகுப்புக்கு ஒரு கரும்பலகையும் சாலைச் சின்னங்கள் அச்சிட்ட ஒரு பெரிய தாளும் இருந்தால் போதும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடத்தை முடித்துவிடலாம்.